வல்லரசும் சிறு நாடும்

சென்ற பருவத்திலே எம் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில், சிறு நாடுகளின் உள்விவகாரங்களில் வல்லரசுகள் தலையிடுதல் தகுமா என்னும் பொருள்பற்றி வாதம் நிகழ்ந்தது. ஒரு சாரார் அமெரிக்கா இழைத்த பிழைகளை விரல்விட்டு எண்ணினர். மறு சாரார் சோவியத் ரஷ்யா இழைத்த பிழைகளை அவ்வாறே எண்ணினர். தம் கட்சிக்குரிய வல்லரசின் பிழையை எடுத்துரைத்தவர் ஒருவரேனும் இலர். மன்றம் கலைந்தபோது ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த கருத்தையே திரும்பவும் சுமந்து சென்றனர். இக்குறைபற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றபின் உலகம் இரு பெரும் பாசறைகளாகப் பிளவுபட்டது. முதலாளித்துவத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையே எழுந்து, 1991-இல் சோவியத் ஒன்றியம் கலையும்வரை நீடித்த அப்போட்டியைப் பனிப்போர் என்பர். அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் நின்று பொருதினவல்ல. ஆயினும் அவற்றின் பகைமைக்குரிய விலையைச் சிறு நாட்டு மக்களே தம் குருதியால் செலுத்தினர். அத்தகைய நாடுகளுள் இரண்டினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா என்னும் சிறு நாட்டில், நிலவுடையோருள் 100-க்கு 2 பேரிடம் விளைநிலத்தில் 100-க்கு 70 பங்குக்கு மேல் முடங்கிக் கிடந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்று 1951-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஹாகோபோ ஆர்பென்ஸ், 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றினார். பயிரிடாது கிடந்த பெருநிலங்களை அரசு எடுத்து ஏழை உழவர்க்கு வழங்கிற்று. ஏறக்குறைய 1 லட்சம் குடும்பங்கள் பயன் பெற்றன. நிலம் இழந்தோருள் யுனைட்டெட் புரூட் கம்பெனி என்னும் அமெரிக்க வாழைப்பழ வாணிகக் கம்பெனியும் ஒன்று. அக்கம்பெனி வரி செலுத்துங்கால் தன் நிலத்துக்குத் தானே குறித்திருந்த மதிப்பின்படி, சுமார் 6 லட்சம் டாலர் ஈடாகத் தர அரசு முன்வந்தது. அமெரிக்க அரசோ கம்பெனியின் சார்பில் சுமார் 1 கோடியே 58 லட்சம் டாலர் கேட்டது. வரி கட்டும்போது ஒரு மதிப்பு, ஈடு பெறும்போது வேறொரு மதிப்பு!

அப்பொழுது அமெரிக்க வெளிநாட்டு மந்திரியாக இருந்த ஜான் பாஸ்டர் டல்லஸும், மத்திய உளவு ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த அவர் தம்பி ஆலன் டல்லஸும், முன்னர் அக்கம்பெனிக்காக வழக்காடிய சட்ட நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள். ஆர்பென்ஸின் ஆட்சியைக் கவிழ்க்கும் இரகசியத் திட்டத்திற்கு ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1953-இல் இசைவளித்தார். 1954 ஜூன் 18-ஆம் நாள் காஸ்டில்லோ அர்மாஸ் என்பார் சில நூறு வீரருடன் ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து எல்லை கடந்தார். பெருஞ்சேனை வருகின்றதென்னும் பொய்யை இரகசிய வானொலி பரப்பிற்று; விமானங்கள் நகர்மீது பறந்து அச்சமூட்டின. ஜூன் 27-இல் ஆர்பென்ஸ் பதவி துறந்தார். உழவர் பெற்ற நிலம் மீண்டும் பறிபோயிற்று. பின்னர் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டோ மறைந்தோ போயினர் என்றும், அக்கொடுமைகளுள் மிகப் பெரும்பாலானவை அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்தோரும் செய்தவையே என்றும் 1999-இல் உண்மை ஆராய்ச்சிக் குழு அறிவித்தது.

இனி ஹங்கேரியை நோக்குவோம். 1956 அக்டோபர் 22-இல் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒன்று கூடித் தம் கோரிக்கைகளை 16 கூறுகளாக வரைந்தனர். சோவியத் சேனை நாட்டைவிட்டு நீங்கவேண்டும், பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் வேண்டும், பேச்சுரிமை வேண்டும் என்பன அவற்றுட் சில. மறுநாள் மாணவரோடு தொழிலாளரும் வீதியில் திரண்டனர். பிரதம மந்திரியான இம்ரே நாகி, தாமே நெடுங்காலப் பொதுவுடைமையாளர். எனினும் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து, நவம்பர் 1-ஆம் நாள் வார்சா ஒப்பந்தத்தினின்று தம் நாடு விலகுவதாகவும் நடுநிலை வகிப்பதாகவும் அறிவித்தார். நவம்பர் 4-இல் சோவியத் டாங்கிகள் தலைநகருட் புகுந்தன. ஏறக்குறைய 2,500 ஹங்கேரியர் உயிரிழந்தனர். சுமார் 2 லட்சம் பேர் தாயகம் விட்டு ஓடினர். நாகி 1958 ஜூன் 16-இல் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு அவற்றின் ஒற்றுமை புலனாகும். விடுதலையைக் காக்கவே வந்தோம் என்றது ஒரு வல்லரசு. தொழிலாளர் ஆட்சியைக் காக்கவே வந்தோம் என்றது மற்றொன்று. இரண்டுமே அந்நாட்டாரே தம்மை அழைத்ததாகக் காட்ட ஒருவரை முன்நிறுத்தின. அங்கே காஸ்டில்லோ அர்மாஸ், இங்கே யானோஸ் காதார். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையையும் இரண்டுமே தம் நலத்துக்கேற்ப முடக்கின. குவாத்தமாலாவின் முறையீடு 1954 ஜூன் 25-இல் அச்சபையின் விவாதத்துக்கே வாராதபடி அமெரிக்கா தடுத்தது. ஹங்கேரியைப் பற்றிய தீர்மானத்தை 1956 நவம்பர் 4-இல் சோவியத் தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்திற்று. ஆடு நனைகின்றதே என்று ஓநாய் அழுத கதை இதுவன்றோ?

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். ஆர்பென்ஸின் ஆதரவாளருள் பொதுவுடைமையாளர் இருந்தனர், அவர் செக்கோஸ்லோவேக்கியாவிலிருந்து ஆயுதம் வாங்கினார் என்பர். உண்மையே, ஆனால் அமெரிக்கா ஆயுதம் விற்க மறுத்தபின்னரே அவர் அவ்வாறு வாங்கினார். ஹங்கேரி உலகப் போரில் ஹிட்லரின் பக்கம் நின்ற நாடு, ஆகவே ரஷ்யா அஞ்சியது இயல்பே என்பாரும் உண்டு. அதுவும் முற்றும் பொய்யன்று. ஆனால் அண்டை வீட்டான் என்றேனும் தீங்கு செய்யக்கூடும் என்னும் அச்சம், அவன் வீட்டுட் புகுந்து தலைவனை மாற்றும் உரிமையை நமக்குத் தருமோ? அச்சத்தைச் சட்டமாக்கினால் வலியவன் செய்வதெல்லாம் நீதியாகிவிடும்.

பிற நாட்டார் துன்பம் நமக்கு வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஓடிவந்த ஹங்கேரியர்க்கு ஆஸ்திரியா தன் எல்லையைத் திறந்து அடைக்கலம் தந்தது. அதனைத் தலையீடு என்று எவரும் பழித்திலர். உதவி வேறு, ஆதிக்கம் வேறு.

நம் நாடும் இச்சோதனையில் முழுமையாகத் தேறவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. அதே 1956-ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் சூயஸ் கால்வாய்பொருட்டு எகிப்தைத் தாக்கியபோது, பிரதம மந்திரி நேரு தயங்காது கண்டித்தார். அது நம் பெருமை. ஆனால் ஹங்கேரியைப் பற்றி நவம்பர் 4-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது இந்தியா எப்பக்கமும் சேராது ஒதுங்கி நின்றது. காஷ்மீர் விவகாரத்தில் சோவியத் ஆதரவு நமக்குத் தேவையாயிருந்தது என்பது ஒரு காரணம். ஜெயப்பிரகாச நாராயணர் போன்றோர் அம்மௌனத்தை வெளிப்படையாகக் கண்டித்தனர். அங்கு எழுந்தது தேசிய எழுச்சியே எனப் பின்னர் நேருவும் ஒப்புக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழி வீடுகளுக்கு மட்டுமன்றி இராஜ்யங்களுக்கும் பொருந்தும்போலும்.

இறுதியில் இரு வல்லரசுகளும் தாம் அஞ்சியதையே வளர்த்தன. 1954-இல் குவாத்தமாலா நகரில் இருந்து அவ்வீழ்ச்சியை நேரிற் கண்ட ஆர்ஜென்டீன மருத்துவர் ஒருவர், தேர்தலால் பயனில்லை, ஆயுதமே வழி என்னும் முடிவோடு வெளியேறினார். அவரே சே குவேரா. ஹங்கேரியிலோ 1989 ஜூன் 16-இல் நாகியின் உடல் பெருந்திரள் மக்கள் சூழ மீண்டும் நல்லடக்கம் செய்யப்பெற்றது. அவ்வாண்டிலேயே அங்குப் பொதுவுடைமை ஆட்சி முடிவுற்றது. ரஷ்ய ஜனாதிபதி எல்ட்சின் 1992-இலும், அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் 1999-இலும் அவ்வந்நாடுகளுக்கே சென்று வருத்தம் தெரிவித்தனர். முன்னதற்கு 36 ஆண்டுகள், பின்னதற்கு 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. மாண்டவர்க்கு அவ்வருத்தத்தால் விளைந்த பயன் யாது?

ஆதலின் எம் மாணவ நண்பர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். வல்லரசின் செயலை ஆராயுங்கால் முதலில் அதன் பெயரை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் நோக்குங்கள். தீர்ப்பை எழுதியபின் பெயரைத் திறந்து பாருங்கள். தீர்ப்பை மாற்றவேண்டும் என்று நெஞ்சம் தூண்டுமாயின், பிழை அந்நெஞ்சத்தில் உள்ளது என்று அறிக. அடுத்த முறை இப்பொருள்பற்றிச் சொற்போர் நிகழும்போது, ஒவ்வொருவரும் தாம் விரும்பும் நாட்டின் பிழையையே எடுத்துப் பேசவேண்டும் என்று மன்றத்தார் விதி செய்வாராக. அன்று பேசுவோர் தொகை குறையலாம். ஆயினும் மன்றத்தை விட்டு நீங்குவோர், வந்தபோது கொண்டுவந்ததினும் சிறிது கூடுதலாகக் கொண்டு செல்வர்.