பான்ஜோ யாருடைய மரபு?

கிராமி விருதுகளை வழங்கும் அமெரிக்காவின் ரெக்கார்டிங் அகாடமி, 2025 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதுவரை ஒன்றாக இருந்த 'சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்பு' விருது இனி இரண்டாகப் பிரிக்கப்படும். மரபார்ந்த தொகுப்புக்கு ஒன்று, சமகாலத் தொகுப்புக்கு ஒன்று. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 2 அன்று, அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்ற பெருமையை பியான்ஸே அடைந்திருந்தார். அவருடைய 'கௌபாய் கார்ட்டர்' அதே இரவில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பாகவும் தேர்வானது.

விருதைப் பிரிக்கும் யோசனை கன்ட்ரி இசை உலகிலிருந்தே வந்தது என்று அகாடமி விளக்கம் அளித்தது. அதை நான் ஐயுறவில்லை. புளூஸ் இசைக்கு இத்தகைய இரு விருதுகள் முன்பே உண்டு. என் கேள்வி வேறு. ஓர் இசைத்தொகுப்பைக் கேட்பவர்கள் விரும்புவதற்குக் காரணமே அது மரபாகவும் புதுமையாகவும் ஒருசேர இருப்பதுதான் என்றால், அதை எந்தப் பிரிவில் வைப்பது?

கன்ட்ரி இசையை நம் ஏடுகள் 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்ப்பதுண்டு. அது பாதிதான் சரி. அதன் வேர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறத்தில் இருக்கின்றன. ஆனால், 'கன்ட்ரி' என்ற பெயரில் விற்கப்படுவது ஒலிப்பதிவுத் தொழில் வகுத்த ஒரு வகைப்பாடு. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தெற்கின் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், வெள்ளையினப் பாடகர்களின் தட்டுகளை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனிப் பட்டியல்களில் விற்றன. பாடல்களும் மெட்டுகளும் இரு சமூகங்களுக்கும் பொதுவாகவே புழங்கிவந்தன. ஃபிடிலும் பான்ஜோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் ஏராளம். ஆனால், கறுப்பினத்தவரிடம் புளூஸையே எதிர்பார்த்த நிறுவனங்கள் அவர்களுடைய ஃபிடில் இசையைப் பெரும்பாலும் பதிவு செய்யவில்லை. பதிவாகாதது நினைவிலிருந்தும் போனது. கடைக்காரரின் அலமாரிப் பிரிவு, பின்னாளில் மரபின் எல்லையாகவே ஆகிவிட்டது.

கன்ட்ரி இசையின் 'முதல் குடும்பம்' எனப் போற்றப்படும் கார்ட்டர் குடும்பம், 1927இல் பிரிஸ்டல் நகரில் தன் முதல் பாடல்களைப் பதிவு செய்தது. அதன் தலைவர் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாடல் சேகரிக்கச் சென்ற பயணங்களில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞரும் உடன் சென்றார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் ஏந்தி வருவது ரிடிலின் வேலை. தட்டுகளில் இருப்பது கார்ட்டர் குடும்பத்தின் பெயர் மட்டுமே. நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயர் 1927இல் சூட்டப்பட்ட இரவில், மவுத் ஆர்கனில் ரயிலோசையை எழுப்பியவர் டிஃபோர்ட் பெய்லி. அவரும் கறுப்பினத்தவர். 1941இல் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பான்ஜோவின் கதை இன்னும் பழையது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை இசைக்கருவிகளின் வழிவந்தது அது.

இந்தப் பின்னணியோடு கேட்டால், 'கௌபாய் கார்ட்டர்' செய்ததன் அளவு புரியும். 2024 பிப்ரவரியில் முதலில் வெளியான 'டெக்சஸ் ஹோல்டெம்', பான்ஜோ ஒலியுடன் தொடங்குகிறது. வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். பான்ஜோவின் ஆப்பிரிக்க வரலாற்றை மீட்டெடுப்பதையே தன் கலைவாழ்வின் பணியாகக் கொண்டவர். 'சிக்ஸ்டீன் கேரேஜஸ்' பாடலில் ஸ்டீல் கிதார் வாசிக்கும் ராபர்ட் ராண்டால்ஃப், கறுப்பினத் தேவாலயங்களில் தழைத்த ஸ்டீல் கிதார் மரபில் வளர்ந்தவர். புதுமை என்று நாம் கேட்பதில் பாதி, காப்பாளர்கள் அறிந்த மரபைவிட மூத்தது.

மார்ச் 29 அன்று வந்த முழுத் தொகுப்பில் 27 தடங்கள். ராப் உண்டு, நடன இசை உண்டு, ஓரிடத்தில் இத்தாலியப் பாடலும் உண்டு. டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' பாடலை மாற்றி எழுதியது எனக்கு உவப்பாக இல்லை. கெஞ்சும் பெண்ணை எச்சரிக்கும் பெண்ணாக்கியதில் பாடலின் உயிர்த்தவிப்பு போய்விட்டது. மாறாக, பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' பாடலை நான்கு இளம் கறுப்பின கன்ட்ரி பாடகிகளுடன் சேர்ந்து பாடியிருப்பது, இதற்காகவே அப்பாடல் காத்திருந்ததோ என எண்ண வைத்தது. பால் மெக்கார்ட்னியின் பழைய கிதார் பதிவே பின்னணியில் ஒலிக்கிறது.

கேட்பவர்கள் தயங்கவில்லை. ஓக்லஹாமாவில் ஒரு சிறிய வானொலி நிலையம், தாங்கள் கன்ட்ரி நிலையம் என்பதால் பியான்ஸேயை ஒலிபரப்புவதில்லை என்று ஒரு நேயருக்குப் பதில் எழுதியது. பாடல் வெளியானதே அப்போது அவர்களுக்குத் தெரியாது. கோரிக்கைகள் குவிந்தன, பாடல் ஒலித்தது. பில்போர்டின் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்ஸே. ஆனால், நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவ்வாண்டு விருதுகளுக்கு இத்தொகுப்பை ஒரு பிரிவில்கூடப் பரிந்துரைக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. இது கன்ட்ரி தொகுப்பு அல்ல, தன்னுடைய தொகுப்பு என்று பியான்ஸேயே அறிவித்தார். உலகப் புகழோடு வருபவருக்குக் கிடைக்கும் செவி, டெக்சஸ் மதுவிடுதியில் ஃபிடிலுடன் பாடுபவருக்குக் கிடைப்பதில்லை. நாஷ்வில்லின் பளபளப்பான பாப் உற்பத்தியில் ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் ஓரங்கட்டப்பட்டது உண்மை. தனி விருது அத்தகைய கலைஞர்களுக்கு உதவலாம். இதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன்.

ஆயினும், கேட்பவர்கள் நெஞ்சில் நின்ற தொகுப்புகளைப் பாருங்கள். 1962இல் ரே சார்ல்ஸ், கன்ட்ரி பாடல்களை வயலின் கூட்டத்தோடும் ஜாஸ் பக்கவாத்தியத்தோடும் பாடினார். அத்தொகுப்பு 14 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. 2015இல் கிறிஸ் ஸ்டேபிள்டனின் 'டிராவலர்', பழைய கன்ட்ரியின் எளிமையில் சோல் இசையின் குரலை ஏற்றியது. தொலைக்காட்சியில் ஓரிரவு பாடியதும் மக்கள் அதைத் தேடிப்போய் வாங்கினர். கேசி மஸ்கிரேவ்ஸின் 'கோல்டன் அவர்' தொகுப்பில் பான்ஜோவின் அருகிலேயே மின்னணுக் குரல்மாற்றி ஒலிக்கிறது; 2019இல் கிராமியின் முதன்மை விருதைப் பெற்றது. இவற்றை மரபுப் பெட்டியில் இடுவதா, சமகாலப் பெட்டியில் இடுவதா? எதில் இட்டாலும் பாதி வெளியே நிற்கும். அகாடமி தரும் மரபுக் கருவிகளின் பட்டியலில் பான்ஜோவும் இருக்கிறது. கிடன்ஸ் வாசித்த பான்ஜோவைக் கேட்கும் நடுவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

'கௌபாய் கார்ட்டர்' தொகுப்பில் லிண்டா மார்ட்டெல் என்ற முதியவரின் குரல் இரண்டு இடங்களில் வருகிறது. இசையை வகை பிரிப்பது சிலரை அடைத்துவைக்கிறது என்பதே அவர் பேச்சின் சாரம். 1969இல் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். அவருடைய தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன்'. அடிமைகள் உழைத்த தோட்டங்களைக் குறிக்கும் சொல் அது. 1970இல் ஒரே ஒரு தொகுப்பு வெளியானது. பின்னர் கன்ட்ரி உலகம் அவரைக் கைவிட்டது. தென் கரோலினாவுக்குத் திரும்பி, பள்ளிப் பேருந்து ஓட்டினார். பியான்ஸேயின் தொகுப்பு வந்த பிறகு, அரை நூற்றாண்டுக்கு முந்தைய அவருடைய பாடல்களைப் புதிய நேயர்கள் தேடிக் கேட்கத் தொடங்கினர். 83ஆம் வயதில் அவருக்கு முதல் கிராமி பரிந்துரையும் கிடைத்தது. அது கன்ட்ரி பிரிவில் அல்ல, ராப் பிரிவில்.