பெயருக்கு விலையா, பொறிக்கு விலையா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மணியாச்சிச் சந்திப்பில் ரயில் நிற்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். 1911 ஜூன் 17 அன்று அங்கே கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் கையில் இருந்த அந்தப் பொருளைப் பற்றி யாரேனும் நினைத்ததுண்டா? பெல்ஜியம் நாட்டில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி அது. மூன்றாண்டு கழித்து, 1914 ஜூன் 28-இல், சாரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு உலகப் போருக்கு வழி திறந்த பிரின்சிப்பின் கையில் இருந்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான். எங்கள் மணியாச்சியையும் எங்கோ இருக்கும் சாரயேவோவையும் ஒரே நாட்டு இரும்பு தொட்டிருக்கிறது என்று அறிந்த நாளிலிருந்து பழைய துப்பாக்கிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடிப் படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் எழுந்த ஒரு மனக்குறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்னதாக ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கி எதையும் நான் தொட்டதில்லை. என்.சி.சி. முகாமில் 22 ரைபிளில் ஐந்து குண்டு சுட்டதோடு என் வீரம் முடிந்தது. ஆனால் இரும்பு எனக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல்வன் என்றாலும், ஒரு பொறியைப் பார்த்தால் ‘இதை எப்படிச் செய்தான்?’ என்று கேட்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது.

அரைத் தானியங்கி என்றால் விசையை ஒருமுறை இழுக்க ஒரு குண்டு பாயும். காலி உறை வெளியே விழுந்து அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். இதற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து எடுப்பது? நியூட்டனின் மூன்றாம் விதியிடமிருந்துதான். பிரௌனிங்கின் 7.65 மி.மீ. குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 280 மீட்டர் என்று கொள்ளுங்கள். பின்னால் நகரும் இரும்புப் பாகம் 300 கிராம் என்றால், அது நொடிக்கு 4 மீட்டர் வேகத்துக்குச் சற்று மேலாகப் பின்வாங்கும். அதை ஒரு சுருள்வில் தடுத்து மீண்டும் முன்னால் தள்ளும். முதல் பருவத்தில் நாம் போட்ட உந்தக் கணக்கு, அவ்வளவுதான்! இந்த எளிமையை நகரும் மேல்பாகமாகச் செய்துகாட்டிய 1900-ஆம் ஆண்டுப் பிரௌனிங் லட்சக்கணக்கில் விற்றது. லட்சக்கணக்கில் விற்ற காரணத்தினாலேயே இன்று ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அவர்கள் கண்டுகொள்வது யாரை? லூகரை. ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கி அழகானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. முழங்காலை மடக்குவதுபோல அதன் பூட்டு மேல்நோக்கி மடங்கும் காட்சியைப் படத்தில் பார்த்தே மயங்கினேன். திரைப்படத்தில் ஜெர்மன் அதிகாரி வந்தால் இடுப்பில் லூகர் இருந்தாக வேண்டும். அதில் பொறித்த ஒரு முத்திரை வேறுபட்டாலே விலை ஏறுகிறது. ஆனால் அதைச் செய்ய ஆகும் செலவையும் நேரத்தையும் பார்த்து, அதன் இடத்துக்கு 1938-இல் வால்தர் பி-38 என்னும் வேறொன்றைக் கொண்டுவந்ததும் அதே ஜெர்மன் ராணுவம்தான்!

அதே காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் குதிரைப்படைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. 1907-ஆம் ஆண்டு ரோத்-ஸ்டையர். வல்லரசு ஒன்றின் தரைப்படை ஏற்றுக்கொண்ட முதல் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அது. பார்வைக்குக் குழாயில் கைப்பிடி பொருத்தியதுபோல இருக்கும். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் சிந்தனையைப் பாருங்கள். குதிரை துள்ளும், வீரனின் விரல் தன்னறியாமல் விசையில் அழுந்தும், பக்கத்தில் வரும் தோழன் சாவான். இதைத் தடுக்க என்ன வழி? தோட்டா ஏறும்போது ஊசியைப் பாதி மட்டும் இழுத்து நிறுத்தினார்கள். மீதிப் பாதியை விரல் இழுக்கும் இழுப்பே முடிக்க வேண்டும். எனவே வேண்டுமென்றே நீளமாக இழுத்தால் ஒழியச் சுடாது. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1980-களின் தொடக்கத்தில், அதே ஆஸ்திரியாவின் கிளாக் துப்பாக்கி இதே வழியில் ஊசியைப் பாதி இழுத்து நிறுத்தி உலகச் சந்தையைப் பிடித்தது. போதாததற்கு, ரோத்-ஸ்டையரின் குழல் பின்வாங்கும்போது 90 பாகை சுழன்று பூட்டைத் திறக்கும். குழல் சுழலும் இந்த முறையை பெரெட்டா நிறுவனம் 2004-இல் வெளியிட்ட பிஎக்ஸ்-4 துப்பாக்கியிலும் காணலாம்.

இவ்வளவும் இருந்தும் லூகருக்கு நிகரான மதிப்பு இதற்கு ஏன் இல்லை? காரணங்கள் பொறியில் இல்லை, வெளியே இருக்கின்றன. அதை வாங்கிய பேரரசே 1918-இல் இல்லாமல் போயிற்று; சொந்தம் கொண்டாட நாடு இல்லை. அதன் 8 மி.மீ. தோட்டா வேறெந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாது, கிடைப்பதும் அரிது. திரைப்படக் கதாநாயகன் கையில் ஏந்தியதும் இல்லை.

அமெரிக்கச் சாவேஜின் கதை இன்னும் வேடிக்கை. 1907-இல் தொடங்கிய ராணுவப் போட்டியில் கோல்ட் நிறுவனத்தோடு கடைசிவரை நின்று 1911-இல் தோற்றது சாவேஜ். 6,000 குண்டு சுட்ட இறுதிச் சோதனையில் கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை, சாவேஜ் தடுமாறியது. தோல்வி நியாயமானதே. ஆனால் அதே அமைப்பில் பொதுமக்களுக்காகச் செய்த சிறிய 32 சாவேஜ் இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் மேகசினில் (நம் ஆண்டு மலர் அல்ல, தோட்டா அடுக்கும் பெட்டி) இரு வரிசையாக மாற்றி மாற்றி அடுக்கிப் பத்துத் தோட்டாக்களை அடக்கினார்கள். இதே முறைக்காக எல்லோரும் புகழும் பிரௌனிங் ஹை-பவர் வந்தது 1935-இல்தான். இன்று நடப்பது என்ன? சோதனைக்கென்று செய்த, தோற்றுப்போன, சில நூறே உள்ள பெரிய சாவேஜுக்குப் பெருவிலை. வென்று விற்ற சின்னச் சாவேஜ் மலிவு.

அந்தச் சின்னச் சாவேஜின் வெட்டுப் படத்தை ஒருநாள் அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். என்ன பொருள் என்று சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஏலே, இதுல ஒரு திருகாணிகூட இல்லையே. எப்பிடிப் பூட்டியிருக்கான்?”

மெய்தான். சாவேஜில் திருகாணியே கிடையாது. கைப்பிடித் தகடுகள்கூட அழுத்திப் பொருத்தியவை. நான் பத்துப் பக்கம் படித்த பிறகு தெரிந்துகொண்டதை அப்பா ஒரே பார்வையில் கண்டார். “ஒவ்வொண்ணும் இன்னொண்ணப் பிடிச்சிக்கிட்டு நிக்கி. இத உருப்படியா கடைஞ்சவன் கை சுத்தமான கை” என்றார். சேகரிப்பாளர் எவரும் விலை சொல்லுமுன் கேட்க வேண்டிய கேள்வி அப்பா கேட்டதுதான் என்பது என் துணிபு.

பிரெஞ்சுக்காரர்களின் 1935-ஏ துப்பாக்கியையும் சொல்ல வேண்டும். பெட்டர் என்பவரின் வடிவமைப்பு. அதன் உரிமையை வாங்கித்தான் சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம் பி-210 துப்பாக்கியை வளர்த்தெடுத்தது. சுவிஸ் ராணுவம் 1949-இல் அதை ஏற்றது. இன்று பி-210 என்றால் சேகரிப்பாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வணங்குகிறார்கள். அதைப் பெற்ற தகப்பனை விலை கேட்க ஆளில்லை! தகப்பனின் குற்றம், இன்று எளிதில் கிடைக்காத 7.65 லாங் தோட்டா. அந்தத் தோட்டாவுக்கும் ஒரு வமிசம் உண்டு. 1918-இல் அமெரிக்கர்கள் ரைபிளில் செருகிக்கொள்ளப் பெடர்சன் கருவி என்று ஒன்றை ரகசியமாகச் செய்தார்கள். போர் முடிந்தது, தேவையில்லை என்று பிறகு ஏறத்தாழ அத்தனையையும் எரித்துவிட்டார்கள். அதன் தோட்டாதான் சிறு மாற்றத்தோடு பிரான்சில் உயிர் வாழ்ந்தது. எரியாமல் தப்பிய சில பெடர்சன் கருவிகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள்.

என் கவலை இங்கேதான் இருக்கிறது. விலையில்லாத பொருளை யாரும் எண்ணெய் போட்டு வைப்பதில்லை. பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் செய்வாரில்லை. அரசாங்கங்கள் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று உருக்கும்போது லூகரைக் காப்பாற்ற ஆள் ஓடி வருவான்; ரோத்-ஸ்டையருக்கு யார் ஓடுவார்? அழிந்த பிறகு அருமை கண்டு பணம் கொடுப்பதில் என்ன அறிவு இருக்கிறது?

‘கொல்லும் கருவிக்கு ஏனப்பா இத்தனை பரிவு? காந்தியடிகளைக் கொன்றதும் ஒரு பழைய பெரெட்டாதானே?’ என்று விடுதி நண்பன் கேட்டான். கேள்வி சுட்டது. மறுமொழி உடனே வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்: லூகர் மட்டும் என்ன, மாலை தொடுத்ததா? எல்லாமே கொன்றவைதான். குற்றத்தில் சமமானவற்றை அறிவில் எடைபோடும்போது மட்டும் ஏன் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தள்ள வேண்டும்? அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் வாதம் நடக்கிறது.

மலிவானவை எல்லாம் மாணிக்கம் என்று நான் சொல்லவில்லை. 1915 முதல் பிரான்சுக்காக ஸ்பெயின் நாட்டுப் பட்டறைகள் பல பங்கிட்டுச் செய்த ரூபி துப்பாக்கியில், ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் துப்பாக்கியில் பொருந்தாது. அதன் மதிப்புக் குறைவுக்குக் காரணம் அதனுள்ளேயே இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, “அளவு பாக்குற கருவி ஆளுக்கொண்ணா இருந்தா அப்பிடித்தான் ஆகும்” என்று சிரித்தார்.

சாவேஜின் படம் இப்போது பட்டறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ‘என்ன அண்ணாச்சி, துப்பாக்கியெல்லாம் செய்ய ஆரம்பிச்சாச்சா? போலீஸ் வந்திரப் போவுது’ என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். படம்தானே என்று சொல்லிவிட்டு, அதில் எங்கே திருகாணி இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று அவர்களையே தேடச் சொல்கிறாராம் அப்பா.