தூதரகத்தைப் பூட்டுவோர் குடிமக்களை யாரிடம் விட்டார்?

நாடுகள் இரண்டு பகைத்துக்கொண்டால் முதலில் மூடப்படுவது தூதரகம். சினந்தெழும் ஆட்சியாளர்க்கு அது பெருமிதம். அயல்மண்ணில் சிக்கிய குடிமகனுக்கோ தலைமேல் இருந்த கூரை பறிபோகும் நாள்.

2012 செபுதம்பர் 7-இல் கனடா, தெகரானில் இருந்த தன் தூதரகத்தை மூடியது. ஈரானியத் தூதுவர் ஐந்து நாளில் வெளியேற வேண்டும் என்றது. கனடியரின் நலன் பின்னர் இத்தாலியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2011-இல் அங்கே பிரித்தானியத் தூதரகம் தாக்கப்பட்டதைக் காட்டி, அலுவலர் உயிர் பெரிதன்றோ என்பர். பெரிதே! அலுவலர் வானூர்தி ஏறிவிட்டார். ஏற இயலாது சிறையில் கிடப்பவன் உயிர் மட்டும் சிறிதா?

2020 சனவரி 8-இல் தெகரானினின்று புறப்பட்ட உக்கிரேனிய வானூர்தியை ஈரானியப் படை ஏவுகணையால் வீழ்த்தியது. மாண்டோர் 176 பேர். அவருள் கனடியக் குடிமக்கள் 55 பேர். இழவுற்றோர்க்குத் துணைநிற்க விரைந்திருக்க வேண்டிய கனடிய அலுவலரோ, துருக்கியின் அங்காராவில் ஈரானின் நுழைவிசைவுக்குக் காத்துக் கிடந்தனர்.

இத்தாலி இருந்ததே எனலாம். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 45-ஆம் பிரிவில், தன் மக்களின் காப்பை மூன்றாம் நாட்டிடம் ஒப்படைக்க இடந்தருகிறது. ஆனால் அந்நாட்டைப் பகைநாடும் ஏற்கவேண்டும். மேலும், ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஈரானியக் குடியுரிமையும் உடைய கனடியன் அதன் கண்ணுக்கு ஈரானியனே. பெற்றவர் குரலே எடுபடாத இடத்தில் அடுத்த வீட்டார் குரல் எம்மட்டு?

வழியே இல்லையா? உண்டு. தூதுறவு முறிந்தது என்பதனாலேயே, குடிமக்கள் நலம் பேணும் துணைத்தூதுறவு முறிந்துவிடாது என்று 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தெளிவாகக் கூறுகிறது. ஆட்சியாளர் தம் சினத்தை ஒரு கதவோடு நிறுத்தலாம். மக்களுக்கான மறுகதவைத் திறந்துவைக்க முயலலாம். முயலாமலே இரண்டையும் அடைப்பது மறமா?

அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது சென்றது நட்பு தழைத்ததாலா? பகை மூண்டதாலன்றோ! நண்பன் வீட்டிலும் பகைவன் வாயிலிலேயே தூதுக்கு வேலை மிகுதி.

உறவை முறிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. முறிக்குமுன் காப்புநாட்டைத் தேர்ந்து, பகைநாட்டின் இசைவைப் பெற்று, சிறைப்பட்டோர் பெயர்ப்பட்டியலை ஒப்படைக்கும் கடமையும் உண்டு. அக்கடமையை மறந்த அரசு பகைவனை ஒறுக்கவில்லை. தன் குடிமக்களையே கைவிட்டது!