பகலில் இரவைச் செய்யும் வீடு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், நாலந்தையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் நாவுல என்னும் சிற்றூர் வரும். யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டிகளில் இருப்போர் அவ்வூரை ஒரு கணம் பார்த்துவிட்டு மீண்டும் கண்ணயர்வது வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கண்ணயர்ந்து சென்றவர்களே. சென்ற மாதம் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்கே இரண்டு நாள் தங்கியபோதுதான், அவ்வூருக்குப் பகலில் ஒரு முகமும் இரவில் வேறொரு முகமும் உண்டென அறிந்தோம்.

நண்பரின் மகன் ஒன்பதாந் தரத்தில் பயில்பவன். நாம் தேநீர் அருந்திக் கொண்டிருக்கையில் தன் அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்து, "மாமா, இதைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். ஆசிரியை கொடுத்த வினா இது: மிருகக்காட்சிச்சாலையில் இரவு விலங்குகளுக்கென ஒரு மனை அமைப்பதானால், உங்கள் ஊர்ப்புறத்திலிருந்து எந்த ஆறு விலங்குகளைத் தெரிவு செய்வீர்கள்? சிறுத்தை, தேவாங்கு, அழுங்கு, முள்ளம்பன்றி, மீன்பிடிப் பூனை, ஆந்தை என்று அவன் எழுதி வைத்திருந்தான். பட்டியலைக் கண்டு முதலில் மெச்சினோம்; பின்பு அவனோடு வாதிடத் தொடங்கினோம். அவ்வாதத்தையே இக்கிழமை வாசகர் முன் வைக்கின்றோம்.

இரவு விலங்கு மனை என்பது யாது? மிருகக்காட்சிச்சாலைக்கு மக்கள் பகலில் வருகின்றனர். அவ்வேளையில் இரவு விலங்குகளோ வைக்கோலுக்குள் முகம் புதைத்து உறங்குகின்றன. கொடுத்த காசுக்கு ஒரு வாலின் நுனியையேனும் கண்டவர் பாக்கியசாலி. இக்குறையை நீக்கவே பொழுதைத் தலைகீழாக்கும் உபாயத்தைக் கண்டனர். சாளரமற்ற கட்டடத்தில் இரவெல்லாம் பிரகாசமான விளக்குகளை ஏற்றி வைப்பர். விலங்குகள் அதனைப் பகலென எண்ணி உறங்கும். காலையில் அவற்றை அணைத்து மங்கலான ஒளியை மட்டும் விடுவர். விலங்குகள் இரவு வந்ததென்று எழுந்து நடமாடும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மிருகக்காட்சிச்சாலை 1953ஆம் ஆண்டிலேயே இத்தகைய மனையொன்றை அமைத்தது. இலண்டன் மாநகரில் 1967இலும், நியூயோர்க்கின் பிரோங்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் 1969இலும் இவை தோன்றின.

மங்கலான அவ்வொளி சிவப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இரவு விலங்குகளுள் மிகப் பலவற்றின் கண்ணுக்குச் செந்நிறம் நன்கு புலப்படுவதில்லை. நமக்குத் தெரியும் சிவப்பொளி அவற்றுக்கு ஏறக்குறைய இருளே. நீலவொளியை விரும்பி இட்டவர்களும் உளர். அது நிலவைப் போல் அழகாயிருக்கும். ஆனால் தேவாங்கின் இனத்தைச் சேர்ந்த விலங்குகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீலவொளியின் கீழ் அவற்றின் நடமாட்டம் குறைந்தமை தெரியவந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அழகாயிருப்பது பார்க்கப்படுபவருக்கு உகந்ததாயிருக்க வேண்டும் என்பதில்லை.

"அப்படியானால் எல்லா விலங்கையும் வைக்கலாந்தானே, மாமா?" என்றான் சிறுவன்.

வைக்கலாம்; ஆனால் யார் காண்பது? வெயிலில் நின்று வந்தவனின் கண் இருளுக்கு முற்றாகப் பழகுவதற்கு அரை மணி நேரம் அளவில் வேண்டும். வருகிறவனோ மனைக்குள் ஐந்து நிமிடம் நிற்பான். "ஒன்றுமே இல்லை" என்பான். பிறகு கண்ணாடியைத் தட்டுவான். அவனுக்குப் பின்னால் வருபவனும் தட்டுவான். ஆகவே இம்மனைக்கு விலங்கு தெரிவோர் கேட்க வேண்டிய முதல் வினா, "எது அபூர்வமானது?" என்பதன்று. மங்கிய ஒளியில், சிறிய அறையில், அந்நியர் கூட்டத்தின் எதிரே, தன் இயல்பு கெடாமல் நடமாடக் கூடியது எது என்பதே அது.

இவ்வுரைகல்லில் உரைத்தபோது பட்டியலில் முதலில் வீழ்ந்தது சிறுத்தை. இலங்கைக் காடுகளில் அதனை எதிர்க்கும் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. யால வனத்தில் அது பட்டப்பகலில் பாறை மேல் படுத்திருப்பதைப் பலரும் படம்பிடித்துள்ளனர். அதற்கு இருட்டறை எதற்கு? ஆந்தையைச் சிறுவன் தானாகவே வெட்டிவிட்டான். அசையாது அமர்ந்திருக்கும் ஆந்தைக்கும் சுவரில் மாட்டிய ஆந்தைப் படத்துக்கும் இருளில் வேற்றுமை காண்பது அரிது. முள்ளம்பன்றிக்கு நாம் உடனே இடம் கொடுத்தோம். கிழங்கையும் வேரையும் கறகறவென்று தின்னும், முட்களைச் சலசலக்கச் செய்யும், குட்டியும் ஈனும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்கேனும் விருந்தளிக்கும்.

அழுங்கிடம் வந்தபோது வாதம் சற்று வலுத்தது. உடலெல்லாம் செதிலும், பல்லில்லாத வாயும், நீண்ட நாவும் உடைய அவ்விலங்கைப் பார்க்க விரும்பாதவர் யார்? ஆனால் அதன் உணவு எறும்பும் கறையானும். நாள்தோறும் அவ்வளவு எறும்புக்கு எங்கே போவது? அடைபட்ட அழுங்குகள் உணவு ஒவ்வாமலும் அச்சத்தாலும் மடிந்த கதைகள் பல. தாய்பே நகரத்து மிருகக்காட்சிச்சாலையார் தம் தீவின் அழுங்குக்கேற்ற உணவுக் கலவையைப் பல ஆண்டு முயன்றே கண்டனர். அன்றியும், உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளின் சர்வதேச வாணிகமும் தடைசெய்யப்பட வேண்டுமென 2016இல் நாடுகள் கூடி முடிவு செய்யும் அளவுக்கு அவ்வினம் நலிந்துள்ளது. காட்டில் மிஞ்சியிருப்பதைப் பிடித்து வந்து பரிசோதிக்க நாவுலவில் எவருக்கும் உரிமையில்லை என்றோம். சிறுவன் வருத்தத்தோடு கோடிட்டான்.

மீன்பிடிப் பூனைக்குப் பதிலாக அதனினும் சிறிய ஒன்றை நாம் முன்மொழிந்தோம். துருநிறப் புள்ளிகள் கொண்ட காட்டுப்பூனை ஒன்று இந்நாட்டில் உண்டு. உலகிலுள்ள பூனையினங்களுள் மிகச் சிறியவற்றுள் அது ஒன்று. வளர்ந்த பூனையின் எடையே ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ அளவுதான். அளவு கருதி மட்டும் நாம் அதனைச் சொல்லவில்லை. இலங்கைக்குரிய அவ்வகைப் பூனைகள் 2010 யூலை மாதக் கணக்கின்படி 56, எட்டு இடங்களில் அடைப்பில் வாழ்ந்தன. அவற்றுள் 11 கொழும்பிலும் 45 ஐரோப்பாவின் ஏழு மிருகக்காட்சிச்சாலைகளிலும் இருந்தன. கூண்டிலேயே பெருகும் இனத்திலிருந்து ஒன்றைப் பெறுவதற்கும், காட்டில் வலை விரித்து ஒன்றைப் பிடிப்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சிறுவனுக்கு விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

எஞ்சியது தேவாங்கு. "இதை மட்டும் வெட்ட மாட்டேன்" என்று கொப்பியை மூடிக்கொண்டான்.

நாம் அவனுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல நேர்ந்தது. எமக்குப் பத்து வயதிருக்கும். வவுனியாவில் மாமன் வீட்டு வளவில், மாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு தேவாங்கைக் கண்டோம். மெலிந்தவனைத் தேவாங்கு என்று ஏசும் நாட்டில் பிறந்தவர்களல்லவா! உண்மைத் தேவாங்கைக் கண்ட களிப்பில் சாக்கொன்றை வீசிப் பிடித்துவிட்டோம். கிளிக்கூண்டில் இட்டு, வாழைப்பழமும் பாலும் வைத்து, ஊரார் காணும்படி பகலெல்லாம் விறாந்தையில் தொங்கவிட்டோம். அது இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பந்துபோல் சுருண்டிருந்தது. பழத்தைத் தொடவில்லை. மாமி மட்டும் "விட்டுவிடு, பாவம்" என்று இருமுறை சொன்னார், நாம் கேட்கவில்லை. ஐந்தாம் நாட் காலை அது கையை எடுக்கவேயில்லை.

அது ஏன் உண்ணவில்லை என்பதை எத்தனையோ ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லை அடுத்த அய்யலூர்ப் பகுதிக் காடுகளில் தேவாங்குகளை இரவிரவாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அவற்றின் உணவு ஏறக்குறைய முழுவதும் பூச்சிகளும் சிற்றுயிர்களுமே என்று கண்டனர். கூண்டு நிறையப் பழம் இருக்க எமது விருந்தாளி பட்டினி கிடந்திருக்கிறது. மேலும், தேவாங்கு தனியனும் அன்று. இரவில் பிரிந்து இரை தேடினாலும், பகலில் தன் உறவினரோடு ஒன்றையொன்று அணைத்துக் கொண்டே உறங்கும். தேவாங்கைப் பிடிப்பது குற்றம் என்கிறது சட்டம். அக்காலத்தில் எமக்குச் சட்டமும் தெரியாது, தேவாங்கும் தெரியாது.

சிறுவன் கொப்பியைத் திறக்கவுமில்லை, பேசவுமில்லை. பிறகு, "அப்படியானால் இந்த மனையே வேண்டாமா?" என்று வினவினான்.

நல்ல வினா. அதற்கு விடை கூறியவர் நம் நாட்டவர் ஒருவரே. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ் அவர்கள், சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலை 1973இல் திறக்கப்படுவதற்கு முன் அதற்கு ஆலோசகராக அழைக்கப்பட்டவர். அங்கே தலைவராயிருந்த ஓங் சுவீ லோ அவர்களுடன் கலந்து உருவான எண்ணமே, இரவில் மட்டும் திறக்கும் விலங்குப் பூங்கா. பிரிஸ்டலில் கோடைச் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியும் கடந்துவிடும். குளிர்காலத்திலோ வெளியே நிற்க இயலாது. ஆகவே அவர்களுக்குப் பொய்யிரவு வேண்டியதாயிற்று. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளிலோ ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில் இருட்டிவிடுகிறது. இரவும் வெம்மையாய் இருக்கிறது. விலங்கின் பொழுதை மாற்றுவானேன்? பார்ப்பவனின் பொழுதை மாற்றினால் போதுமே! 1994இல் ஏறக்குறைய 35 ஹெக்டேயர் காட்டு நிலத்தில் அப்பூங்கா திறக்கப்பட்டது. சைமன் கோடர் என்பார் நிலவொளியை ஒத்த விளக்குகளை அதற்கு அமைத்தார். உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது.

மின்சாரத்தின் தயவில் வாழும் மனைகளின் கதி வேறு. பிரோங்ஸ் மனை 2009இல் பணமுடையால் மூடப்பட்டது. நம் நாட்டிலோ 2022இல் ஒருநாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேளை இத்தகைய மனையொன்று இருந்திருப்பின், உள்ளிருந்த விலங்குகள் தமக்குப் பகலா இரவா என்று எவரைக் கேட்டிருக்கும்?

நாவுலவிலிருந்து சிறிது நேரப் பயணத்தில், தம்புள்ளைக்கு அருகே பொப்பம் அவர்கள் 1963இல் தொடங்கிய மரத்தோட்டம் இருக்கிறது. அவர் தேயிலைத் தோட்டத் துரையாய் இருந்தவர். கன்றுகளை வரிசையாய் நடாமல், முட்புதரைக் களைந்து, தாமே முளைத்த நாட்டு மரங்களுக்கு வழிவிட்டார். காடு திரும்பியது, அதனோடு தேவாங்கும் வந்தது. இன்று இரவில் தேவாங்கு காண்பதற்கென்றே அங்கு செல்வோர் உளர்.

அவ்வளவு தூரம் செல்ல அன்று எமக்கு நேரமில்லை. டோர்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கு முற்றத்தில் இறங்கினோம். யானை நடமாடும் ஊராகையால் வளவின் வேலியைத் தாண்ட நண்பரின் தாயார் இசையவில்லை. கிணற்றடி, மாட்டுக் கொட்டில், வேலியோரம் எங்கும் ஒளியை ஓட்டினோம், ஒன்றுமில்லை. நுளம்புதான் மிஞ்சியது. அரை மணி கழிந்து, எம் கண் இருளுக்குப் பழகிய பின்னர், பலா மரத்தின் நடுக்கிளையில் இரண்டு தணற்பொறிகள் தோன்றின. சற்று அப்பால் இன்னும் இரண்டு. கிளை வழியே அவை மெல்ல மெல்ல நகர்ந்தன. ஒன்று நின்று, கையை நீட்டி, எதையோ பற்றி வாயிலிட்டது. சிறுவன் எம் சட்டையைப் பிடித்திருந்த பிடி வீட்டுக்குள் வந்த பின்னரே தளர்ந்தது.

மறுநாள் காலை கொப்பியை மீண்டும் காட்டினான். முள்ளம்பன்றியும் துருநிறப் புள்ளிப் பூனையும் இருந்தன. குகையில் வாழும் பழந்தின்னி வௌவாலைப் புதிதாகச் சேர்த்திருந்தான். கூட்டமாய் வாழும், ஓயாது பறக்கும், பழமே உண்ணும் என்று காரணமும் எழுதியிருந்தான். ஆறு கேட்ட இடத்தில் மூன்றே இருந்தன. தேவாங்கின் பெயரை வெட்டவில்லை. அதன் எதிரே, "எங்கள் பலா மரம், இரவு 8.30 மணி, கட்டணம் இல்லை" என்று குறித்திருந்தான்.

ஆசிரியை எத்தனை புள்ளிகள் வழங்கினார் என்பது இதனை எழுதும் வரை எமக்குத் தெரியவரவில்லை.