அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா?

எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் பாதிக்கும் மேல் பரம்பரையால் வருகிறது என்று இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்துக்குப் புது எலும்பைக் கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அந்த இழப்பு தொடங்கும்போது உடலில் எவ்வளவு எலும்பு சேர்ந்திருந்தது என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனாலேயே உமிழ்நீரைச் சோதித்து எலும்புப்புரை வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைகள் பலரை ஈர்க்கின்றன. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இன்று அந்தப் பரிசோதனை தேவையில்லை என்பதே என் வாதம். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பெற்றோரில் யாருக்காவது இடுப்பு எலும்பு முறிந்ததா என்பதைத்தான்.

ஒற்றை மரபணுவை நம்பி இந்தத் துறை ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் வகைகளே எலும்பு அடர்த்தியின் மரபுவழி வேறுபாட்டில் 75 சதவீதம் வரை விளக்கிவிடும் என்று சிட்னியின் கார்வன் நிறுவன ஆய்வாளர்கள் 1994-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சில மாதிரிகளில் மரபணு வகை தவறாகப் பதிவாகியிருந்ததால், 1997-ல் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். விளைவு முதலில் சொன்னதைவிட மிகச் சிறியதாகிவிட்டது. ஐரோப்பாவில் 26,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஆய்வில், அந்த வகைகளுக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பே தென்படவில்லை. பிறகு பிரிட்டனின் 'யுகே பயோபேங்க்' தரவில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்த குழு, 2018-ல் 518 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. அத்தனையும் சேர்ந்தே குதிகால் எலும்பு அடர்த்தி வேறுபாட்டில் சுமார் 20 சதவீதத்தைத்தான் விளக்கின.

அந்த நூற்றுக்கணக்கான இடங்களையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரலாமே என்று கேட்கலாம். தரலாம்தான், ஆனால் அந்த மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானது, நம் பெண்களிடம் அதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. பெற்றோரின் இடுப்பு முறிவோ, எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட 'ஃப்ராக்ஸ்' கணிப்பானிலேயே இடம்பெற்ற கேள்வி. எலும்பு அடர்த்தி ஒரே அளவாக இருந்தாலும் அந்தக் குடும்ப வரலாறு உள்ளவருக்கு அபாயம் அதிகம். நம் வீடுகளில் முந்தைய தலைமுறையினர் பலர் எலும்பு முறியும் வயதை எட்டவேயில்லை, எட்டியவர்களுக்கும் 'வழுக்கி விழுந்தார்' என்பதோடு கதை முடிந்துவிட்டது என்ற ஆட்சேபம் வலுவானது. ஆகவே 'இல்லை' என்ற பதிலை வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது. 'ஆம்' என்ற பதில் வந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

மரபணு ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்துப்போகும் அரிய நோய் உண்டு. அதன் காரணத்தைத் தேடியபோது கிடைத்ததுதான், எலும்பு வளர்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்துக்கான மரபணு. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் மருந்துக்கு 2019-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பரம்பரையாக வரும் அபாயத்தையும் குறைக்க மருந்து உண்டு. யாருக்குக் கொடுப்பது என்று அறிவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். இடுப்பு முறிந்து எலும்பு சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மூதாட்டியின் கட்டிலருகே பெரும்பாலும் நிற்பவர் ஐம்பதை நெருங்கும் அவருடைய மகள். தாயை வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே 'மகளுக்கும் எலும்பு அடர்த்தி பார்க்கவும்' என்று மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்.