"வெளியே போ!" என்றால் ஓட்டு விழுமா?

அசாமும் இலங்கையும் சொல்லும் பாடம்

கொல்லிமலையின் மேலே இருக்கிறது, வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோவிலும் ஆகாய கங்கை அருவியும் இங்கேதான் இருக்கின்றன. மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளையும் பூமி.

இங்கே வாழ்பவர்கள் "மலையாளி" என்னும் பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி. பேசுவது தமிழ். இவர்களிடம் வழிவழியாக ஒரு கதை உண்டு. காஞ்சீபுரத்தில் இருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தார்களாம். ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். அவர்களுடைய வம்சமே இந்த மலை மக்கள் என்பது கதை.

அந்த மூன்று பேரையும் தடுத்து நிறுத்தி, "நீ யார்? எந்த ஊர்? சீட்டு எங்கே?" என்று கேட்க அன்று ஆள் இல்லை.

இன்று கேட்கிறார்கள்.

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாடு முழுவதும் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலை தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். சேந்தமங்கலம் தொகுதியில் அடங்கிய கொல்லிமலையும் அதற்கு விலக்கு அல்ல. "பழைய பட்டியலில் உன் பெயர் உண்டா? தாய், தந்தை பெயர் உண்டா?" என்ற கேள்விக்கு மலைமேல் உள்ளவர்களும் பதில் எழுத வேண்டியிருந்தது.

இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் ஆகியோரை நீக்குவதற்காக இந்த வேலை என்று தேர்தல் கமிஷன் சொன்னது. இன்னொரு காரணமும் சொன்னது. "கள்ளத்தனமாகக் குடியேறிய அன்னியர் பெயரும் பட்டியலில் இருக்கலாம்" என்பதே அது.

இந்த ஒரு வாக்கியம் சாதாரணமானது அல்ல. அசாமில் ஒரு கட்சியை உருவாக்கியது இதுதான். அந்தக் கட்சியைத் தேய வைத்ததும் இதுதான்.

ஒரு இடைத்தேர்தல்

அசாம் வங்காளத்தை அடுத்துள்ள மாநிலம். வெள்ளைக்காரர் காலத்திலேயே கிழக்கு வங்காள விவசாயிகள் அங்கே வந்து குடியேறினார்கள். 1947-ல் நாடு பிரிந்தபோது பலர் வந்தார்கள். 1971-ல் வங்காள தேசப் போர் நடந்தது. அப்போதும் அகதிகள் வந்தார்கள்.

"நம் நிலம் போய்விடும். நம் மொழி போய்விடும். நம் ஊரிலேயே நாம் சிறுபான்மை ஆகிவிடுவோம்" என்று அசாமியர் பயந்தார்கள். இந்தப் பயத்தை எந்தக் கட்சியும் கண்டுபிடிக்கவில்லை. அது முன்பே மக்கள் மனதில் இருந்தது.

1979-ல் மங்கள்தோய் என்ற பாராளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. பட்டியலைப் பார்த்தார்கள். அதில் ஆயிரக்கணக்கான பெயர்கள் அன்னியருடையவை என்று புகார் கிளம்பியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டம் 6 ஆண்டுகள் நீடித்தது.

1983 பிப்ரவரியில், எதிர்ப்பையும் மீறிச் சட்டசபைத் தேர்தல் நடந்தது. நெல்லி என்ற இடத்தில் வங்காள முஸ்லிம் கிராமங்கள் தாக்கப்பட்டன. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். "வெளியே போ" என்ற கோஷம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லி ஒரு ரத்த சாட்சி.

33 வயதில் முதல்-மந்திரி

1985 ஆகஸ்டு 15-ந் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி, போராட்டக்காரர்களுடன் ஒப்பந்தம் செய்தார். 1971 மார்ச் 24-ந் தேதிக்குப் பிறகு வந்தவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது என்று முடிவாயிற்று.

மாணவர் தலைவர்கள் அதே ஆண்டு அக்டோபரில் "அசாம் கண பரிஷத்" என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்கள். டிசம்பரில் தேர்தல். கட்சிக்கு வயது 2 மாதம்தான். ஆனாலும் ஆட்சியைப் பிடித்துவிட்டது! பிரபுல்ல குமார் மகந்தா முதல்-மந்திரி ஆனார். அப்போது அவருக்கு வயது 33.

இவ்வளவு வேகமான வெற்றிக்குக் காரணம் என்ன?

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. சாதி வேறுபாடு, ஊர் வேறுபாடு எல்லாவற்றையும் அது மறக்கச் செய்தது. விலைவாசியைப் பற்றி 10 பேரிடம் கேட்டால் 10 யோசனை சொல்வார்கள். "அன்னியன் போக வேண்டும்" என்பதில் 10 பேரும் ஒரே குரலில் பேசினார்கள்.

ஆனால், அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. பயந்துபோன சிறுபான்மையினரும் ஒன்று சேர்ந்தார்கள். "ஐக்கிய சிறுபான்மையினர் முன்னணி" என்று ஒரு கட்சி கண்டார்கள். அதற்கு 17 இடங்கள் கிடைத்தன. ஒரு பக்கம் கயிற்றை இழுத்தால் மறுபக்கமும் இழுக்கத்தானே செய்யும்?

ஓட்டு வந்தது, ஆள் போகவில்லை

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது.

ஒருவரை அன்னியர் என்று சொல்லிவிடலாம். நிரூபிக்க வேண்டுமே? அசாமுக்கு என்று 1983-ல் மத்திய சர்க்கார் தனிச் சட்டம் போட்டிருந்தது. அதன்படி, குற்றம் சாட்டியவரே நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை மாநில மந்திரிசபை மாற்ற முடியாது.

நிரூபித்தாலும் ஆளை எங்கே அனுப்புவது? வங்காள தேசம் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? "இவர் எங்கள் பிரஜை அல்ல" என்று அந்த நாடு சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சொன்னதில் சிறு பகுதிதான் நடந்தது. "இதற்காகவா 6 வருஷம் போராடினோம்?" என்று ஆதரவாளர்களே கேட்டார்கள். இதற்கிடையே உல்பா தீவிரவாதிகளின் வன்முறை பெருகியது. 1990 நவம்பரில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. 1991-ல் கட்சி இரண்டாக உடைந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் திரும்பவும் ஆட்சிக்கு வந்தது.

1996-ல் கூட்டணி சேர்த்துக்கொண்டு மகந்தா மீண்டும் முதல்-மந்திரி ஆனார். 2001-ல் மறுபடி தோல்வி. அதன் பின் காங்கிரசின் தருண் கோகோய் 15 ஆண்டுகள் ஆண்டார்.

2005-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த 1983 சட்டத்தை ரத்து செய்தது. உடனே எதிர்ப்பக்கத்தில் ஒரு புதிய கட்சி பிறந்தது. வாசனைத் திரவிய வியாபாரி பத்ருதீன் அஜ்மல் அதைத் தொடங்கினார். 2006-ல் 10 இடங்கள், 2011-ல் 18 இடங்கள் என்று அது வளர்ந்தது.

கோஷம் கை மாறியது

அசாம் கண பரிஷத்தின் கோஷத்தைப் பாரதீய ஜனதா எடுத்துக்கொண்டது. 2016-ல் மொத்தம் 126 இடங்களில் அந்தக் கட்சிக்கு 60 கிடைத்தது. கோஷத்தை முதலில் எழுப்பிய அசாம் கண பரிஷத்துக்குக் கிடைத்தது 14. அதுவும் பாரதீய ஜனதாவின் கூட்டாளியாக! 2021-ல் அது 9 ஆகக் குறைந்தது.

சிறிய கட்சி கிணறு வெட்டுகிறது. தண்ணீர் வந்ததும் பெரிய கட்சி குடத்தோடு வந்துவிடுகிறது. டென்மார்க் நாட்டிலும் 2019-ல் இதுவே நடந்தது. குடியேறுவோரை எதிர்த்து வளர்ந்த மக்கள் கட்சியின் பேச்சை, பெரிய கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியும் பேசத் தொடங்கியது. பெரிய கட்சி ஆட்சிக்கு வந்தது. சிறிய கட்சி 37 இடங்களில் இருந்து 16-க்கு இறங்கியது.

19 லட்சம் பேர்

சுப்ரீம் கோர்ட்டின் மேற்பார்வையில் அசாமில் குடிமக்கள் பதிவேடு தயாராயிற்று. 3 கோடியே 30 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். 2019 ஆகஸ்டு 31-ந் தேதி முடிவான பட்டியல் வந்தது. 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேருக்கு இடம் இல்லை!

ஒரே வீட்டில் அண்ணன் பெயர் இருந்தது. தம்பி பெயர் இல்லை. முன்னாள் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமதுவின் உறவினர் சிலரின் பெயரும் விட்டுப்போயிற்று. ஏராளமான இந்துக்களின் பெயர்களும் இல்லை. பதிவேட்டை வேண்டும் என்று கேட்ட கட்சியே, "இது சரியில்லை. மறுபடி சரிபார்க்க வேண்டும்" என்றது.

2019 டிசம்பரில் மத்திய சர்க்கார் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அண்டை நாடுகள் மூன்றில் இருந்து 2014 முடிவதற்குள் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது வழிவிட்டது. "ஒப்பந்தம் 1971 என்கிறது. இது 2014 என்கிறதே!" என்று அசாமியர் கொதித்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. புதுக் கட்சிகள் முளைத்தன.

அப்படியும் 2021-ல் பாரதீய ஜனதா கூட்டணி தோற்கவில்லை. 75 இடங்களில் வென்றது. எதிர்ப்பு ஓட்டுகள் சிதறின. பெண்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் திட்டமும் கைகொடுத்தது. கோஷம் ஓட்டைக் கொண்டு வந்து சேர்க்கும். அதைத் தக்க வைக்க ரேஷனும் ரோடும் வேண்டும்.

தமிழனைச் சுட்ட சொல்

"இது வடக்கே நடந்த கதை. நமக்கு என்ன?" என்று தமிழர் இருந்துவிட முடியாது. "கள்ளத்தோணி" என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

தமிழ்நாட்டில் இருந்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளால் இலங்கைக்குக் கொண்டு போகப்பட்டவர்கள், தோட்டத் தொழிலாளர்கள். காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டம் ஆக்கியவர்கள் அவர்கள்தான். 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது.

ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி கணக்குப் பார்த்தது. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு" என்றது. தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சீட்டு? அடுத்த ஆண்டே ஓட்டும் பறிபோனது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95-ல் 54 இடங்கள்.

கணக்கு பலித்துவிட்டதா? நான்கே ஆண்டுகள் பொறுங்கள்!

1956-ல் பண்டாரநாயகா வந்தார். "சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி" என்றார். இன்னும் காரமான பேச்சு. ஐக்கிய தேசியக் கட்சியும் அதே பாட்டைப் பாடிப் பார்த்தது. பலிக்கவில்லை. 54 இடங்கள் வைத்திருந்த கட்சி 8 இடங்களுக்கு வந்துவிட்டது!

யாழ்ப்பாணத் தமிழர் கட்சிக்கும் பாடம் கிடைத்தது. 1948-ல் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த மந்திரிசபையில் சேர்ந்தார். இதை எதிர்த்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து, 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956-ல் தமிழரசுக் கட்சிக்கு 10 இடங்கள். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்றே ஒன்று.

கட்சிகளின் லாப நஷ்டம் இது. மக்களின் நஷ்டம் எவ்வளவு? 1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. பிறந்த மண்ணை விட்டு மூட்டை முடிச்சுடன் கப்பல் ஏறினார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் "இந்தியாக்காரன்". இங்கே வந்தால் "சிலோன்காரன்"!

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இடம் இல்லை. ஆனாலும் ராஜ்ய சபையில் அ.தி.மு.க. அதை ஆதரித்து ஓட்டுப் போட்டது. தி.மு.க. எதிர்த்தது. 2021 சட்டசபைத் தேர்தல் வந்தபோது, அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி வற்புறுத்துவோம் என்று அ.தி.மு.க.வே தன் தேர்தல் அறிக்கையில் சொல்ல வேண்டி வந்தது. அசாமில் ஓட்டு வாங்கித் தரும் பேச்சு, தமிழ்நாட்டில் ஓட்டைக் கெடுக்கும் என்று கட்சிக்குத் தெரிந்துபோயிற்று.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். மலைக்குக் கீழே நாமக்கல் கோழிப் பண்ணைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கள்ளக் குடியேறிகள் அல்ல. நம்மைப் போல் இந்தியப் பிரஜைகள். நாட்டின் எந்த மூலைக்கும் போய் வசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாப் பிரஜைகளுக்கும் தந்திருக்கிறது. கொல்லிமலைப் பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போவதும் அந்த உரிமையால்தான்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ரெயில் ஏறினார்கள். வீடியோக்கள் பொய் என்று போலீசார் விளக்கி, பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். வதந்திக்குக் கால் கிடையாது. ஆனால், ரெயிலை விட வேகமாக ஓடும்.

ஓட்டுப் போடும் முன்பு

எல்லையைக் காப்பது சர்க்காரின் கடமை. அனுமதி இல்லாமல் வருபவர்களைத் தடுக்க வேண்டும் என்று கேட்பது குற்றம் அல்ல. அந்தப் பேச்சு தேர்தலில் ஜெயிக்கவும் செய்யும். அமெரிக்காவில் 2024-ல் டிரம்ப் ஜெயிக்கவில்லையா? அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1994-ல் இதே பேச்சால் ஜெயித்த குடியரசுக் கட்சி, பின்னால் அந்த மாநிலத்தில் செல்வாக்கு இழந்ததும் உண்டு.

ஆகவே, மேடையில் "வெளியே போ" என்று ஒரு கட்சி முழங்கினால், அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. யாரைச் சொல்கிறீர்கள்? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சீட்டு இல்லாத நம் ஊர் ஏழையை என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்வி வளப்பூர் நாட்டுக்கு மிகவும் முக்கியம். வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில் பிறந்த பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. "புயல் அடித்த வருஷம்" என்பார். அசாமில் பட்டியலுக்கு வெளியே நின்ற பலர் இப்படிப்பட்டவர்களே.

பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பள்ளிச் சான்று, நிலப் பட்டா எல்லாவற்றையும் ஈரம் படாமல் பெட்டியில் வைப்பது நல்லது. எல்லாச் சீட்டிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று, படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்றே பார்த்துச் சொல்லலாம். புதிய வாக்காளர் பட்டியல் வரும்போதெல்லாம், அதில் தாத்தா, பாட்டி பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயர் இல்லை என்றால், தேர்தல் நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே தாலுகா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும்.