எட்டாத் தொலைவில் ஒரு பதிப்புப்பணி

வாயேஜர் என்றதும் நம்மவர் பேசுவது அதிலுள்ள பொன்தட்டைப் பற்றியே. அதன் 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை என்னும் மனக்குறை வேறு! நமக்கோ அதனினும் பெரிதாகப் படுவது 2024இல் நடந்த பழுதுநீக்கம்தான்.

2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற எண்வரிசையையே அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. தொலைவு ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளைக்கு மறுமொழி வர 45 மணி நேரம். கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார், 1977இல் ஏவிய அக்கலத்தின் நிரலைக் கூறுகூறாகப் பிரித்து, நினைவகத்தின் வேறிடங்களில் பொருத்தி, 2024 ஏப்ரலில் மீண்டும் பேசவைத்தனர். செல்லரித்த ஏடுகளிலிருந்து பாடம் மீட்டவர்களின் அருமை அறிந்த நாம் இவர்களைக் கொண்டாட வேண்டாமா? தட்டை எவரேனும் கேட்பார்களா என்பதே ஐயம். கலத்தின் மின்னாற்றலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 4 வாட் குறைகிறது. கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள்.